மேஸ்திரி கண்ணாடி ஏற்றிய காலை

விமானம் ராத்திரிக்குத்தான். அதற்கு முன்னால் மத்தியானச் சாப்பாட்டுக்கு அவன் வருவான். தேய்த்த சட்டை, கையில் பழப் பை, முகத்தில் மரியாதை. அம்மா நாலு வார்த்தை பேசிப் பார்ப்பாள். பிடித்தது, பிடிக்கவில்லை என்று ஏதோ ஒன்றைச் சொல்லிவிட்டு விமானம் ஏறுவாள். மகள் போட்டு வைத்திருந்த திட்டம் இதுதான். கேட்டு முடித்ததும் மேஸ்திரியம்மா மிச்ச டீயைத் தொட்டியில் கவிழ்த்தாள்.

"சட்டை தேய்ச்சுப் போட்டுக்கிட்டு நாற்காலி நுனியில உக்காந்தா எவனும் நல்லவன்தான். எனக்கு அவனை வேலை செய்யற எடத்துல பார்க்கணும்."

"அம்மா, இன்னைக்குக் கிளம்பற நாள். பெட்டி பாதிதான் கட்டியிருக்கு."

"பெட்டி எங்கேயும் ஓடிடாது. அவனுக்கு இன்னைக்கு வேலை உண்டா இல்லையா?"

"காலையில உண்டு. நாலு தெரு தள்ளி."

"அப்ப ஷூவை எடு."

மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள். அம்மா ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் அது ஊற்றிய காங்கிரீட் மாதிரி என்று அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். சாயங்காலத்துக்குள் இறுகிவிடும். அப்புறம் உளி வைத்துத்தான் உடைக்க வேண்டும்.

அம்மாவின் தொழிலே அதுதான். ஊரில் வீடு கட்டுகிறவர்கள் தளம் போடுகிற நாளுக்கு அவளுடைய ஆட்களைத்தான் கூப்பிடுவார்கள். மிக்சர் வாயிலிருந்து மாடி வரைக்கும் வரிசையாக ஆள் நிற்கும். கலவைச் சட்டி கை மாறிக் கை மாறி மேலே போகும். நடுவில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு மேஸ்திரி குரல் கொடுப்பாள். அந்தக் குரல் நிற்கும்வரை ஒருத்தரும் நிற்கக்கூடாது. பாதியில் நிறுத்தினால் ஜாயிண்ட் விழும். மழைக்கு அங்கேதான் ஒழுகும். சித்தாளாகச் சட்டி சுமந்து, அடிபட்டு, கற்றுக்கொண்டு அந்த இடத்துக்கு வந்தவள். கட்டின புருஷனே இன்றைக்கு அவளை மேஸ்திரி என்றுதான் கூப்பிடுகிறான்.

அப்பேர்ப்பட்டவள் மகளைப் பார்க்க இந்த வெளிநாட்டு ஊருக்கு வந்த நாளிலிருந்து சும்மா உட்கார்ந்திருந்தாள். மகள் முதியோர் விடுதியில் நர்சு. அவள் வேலைக்குப் போனதும் கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். எதிரே எழும்பிக்கொண்டிருந்த கட்டடத்தைப் பால்கனியிலிருந்து பார்த்து, அங்கே வேலை செய்தவர்களை அவர்களுக்குப் புரியாத பாஷையில் திட்டினாள். அந்த ஒரு திருப்திதான் இருந்தது. முந்தாநாள்தான் மகள் மெல்ல விஷயத்தை அவிழ்த்தாள்: ஒருத்தர் இருக்கிறார். நம்ம பாஷைக்காரர்தான். கண்ணாடி மாட்டுகிற வேலை. விடுதியில் கண்ணாடி மாட்ட வந்தபோது பழக்கம்.

இதில் சிக்கல், மேஸ்திரியின் தம்பி. தன் மகனுக்குத்தான் அக்கா மகள் என்று அவன் தொட்டில் கட்டின நாளிலேயே முடிவு பண்ணிவிட்டவன். "நீ போய்ப் பொண்ணைப் பார்த்துப் பேசிட்டு வா அக்கா. வந்து இறங்கினதும் ஒரே ஒரு வார்த்தை சொல்லு, போதும்" என்று சொல்லித்தான் வழியனுப்பினான். முறைப் பையன் கெட்டவன் இல்லை. குடி கிடையாது, எதிர்த்துப் பேச்சுக் கிடையாது, சொந்த ரத்தம். அவனை வேண்டாம் என்று சொல்வதானால் தம்பி முகத்துக்கு நேரே சொல்லும்படியான ஒரு காரணம் வேண்டும். 'மகளுக்குப் பிடிச்சிருக்கு' என்பதைத் தம்பி காரணமாகவே எடுத்துக்கொள்ள மாட்டான். இன்றைக்குள் ஒரு வார்த்தை முடிவாக வேண்டும். கண்ணாடிக்காரனா, தம்பி மகனா.

புடவைக்கு மேலே மகளின் கறுப்புக் கோட்டு, காலில் மகளின் கேன்வாஸ் ஷூ, தலைக்கு மப்ளர். மேஸ்திரி கிளம்பிவிட்டாள்.

"மானத்தை வாங்காதேம்மா. தூரத்துல நின்னு பார்த்துட்டு வந்துடணும்."

"நான் என்ன மாடா பிடிக்கப்போறேன், பல்லைப் பிடிச்சுப் பார்க்க? கண்ணால பார்க்கப்போறேன். நட."

வழியெல்லாம் தன் கணக்கை மகளுக்கு விளக்கிக்கொண்டே போனாள். சட்டி கை மாறுகிற இடத்தில்தான் ஒரு ஆளின் குணம் தெரியும். சில பேர், சட்டி நம்ம கைக்கு வரட்டும் என்று மரம் மாதிரி நிற்பார்கள். கொடுக்கிறவள்தான் இடுப்பு ஒடிய வளைந்து நீட்ட வேண்டும். சில பேர் ஒரு காலை முன்னே வைத்து, வளைந்து, பாதி வழியிலேயே வாங்கிக்கொள்வார்கள். பக்கத்தில் இருக்கிறவளுக்குச் சுமை பாதியாகிவிடும்.

"உங்கப்பா ரெண்டாவது ரகம். அதைப் பார்த்துத்தான் கட்டிக்கிட்டேன். மூஞ்சியைப் பார்த்திருந்தா கட்டியிருப்பேனா?"

மகளுக்குச் சிரிப்பு வந்தது.

பழைய மூன்று மாடிக் கட்டடம். மேல் மாடியில் புதிதாகப் பல் ஆஸ்பத்திரி ஒன்று வரப்போகிறதாம். அதற்குத் தடுப்புக் கண்ணாடி. வாசலில் நின்ற வண்டியின் பக்கவாட்டில் சாய்ந்த சட்டம் ஒன்று. அதில் போர்வை சுற்றிய இரண்டு கண்ணாடிகள். ஒன்று கதவு அளவு. இன்னொன்று கல்யாண வீட்டு ஜமக்காளம் மாதிரி நீளம். அம்மாவும் மகளும் எதிர்ச் சாரியில் பஸ் நிறுத்தத்துக் கம்பத்தை ஒட்டி நின்றுகொண்டார்கள்.

ஒரு தாடிக்காரன், ஒரு நெட்டையன், மூன்றாவதாக அவன். மாநிறம், குட்டை, உருண்டைத் தோள். தாடியும் நெட்டையும் சின்னக் கண்ணாடியை ரப்பர் பிடிகளால் கவ்விக்கொண்டு நகர்ந்தார்கள். அவன் மட்டும் அவர்களுக்கு முன்னால் பின்னோக்கி நடந்தபடி கையை அசைத்து ஏதோ சொல்லிக்கொண்டே உள்ளே போனான். கையில் ஒரு துரும்பு கிடையாது.

மேஸ்திரியின் உதடு கோணியது.

"கையை வீசிக்கிட்டுப் போறானே!"

"அவர்தான்மா இங்கே பொறுப்பு. வழி பார்த்துச் சொல்லணும்."

"வழி பார்க்கக் கண்ணு போதும். கை ரெண்டும் எதுக்குச் சும்மா தொங்குது? இந்த மாதிரி ஆளுங்களை நான் நிறையப் பார்த்திருக்கேன். காலையில வந்து கையைக் காலை ஆட்டிக்கிட்டு நிப்பானுங்க, சாயங்காலம் போட்டோவுக்கு முன்னாடி நிப்பானுங்க."

"நீ மட்டும் என்னவாம்? நீ சட்டியைத் தொட்டு எத்தனை வருஷமாச்சு? இடுப்புல கையை வெச்சுக்கிட்டுக் கத்தறதுதானே உன் வேலை?"

மேஸ்திரி மகள் பக்கம் திரும்பி மப்ளரைத் தள்ளிவிட்டு உச்சந்தலையைக் காட்டினாள். சும்மாடு வைத்து வைத்து வட்டமாக முடி போன இடம் வெயிலில் பளபளத்தது.

"நான் தூக்கிட்டு வந்து கத்தறேன்டீ. இவன் தூக்கி நீ பார்த்திருக்கியா?"

மகள் பார்த்ததில்லை. விடுதியில் அவன் மாட்டியது முகம் பார்க்கிற கண்ணாடி. அதை ஒரு குழந்தைகூடத் தூக்கிவிடும்.

அதற்குள் அவன் கீழே இறங்கி வந்துவிட்டான். வந்தவன் கண்ணில் எதிர்ச் சாரியில் நின்ற கறுப்புக் கோட்டும் புடவையும் பட்டுவிட்டன. இந்த ஊரில் அப்படி ஒரு உடுப்பு வேறு யார் போடப்போகிறார்கள்? கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு சாலையைக் கடந்து வந்தான்.

"வாங்க அத்தை" என்றான்.

"அத்தை எல்லாம் அப்புறம். இப்போதைக்கு அம்மான்னு கூப்பிடு, அது பொதுச்சொத்து."

"சரிம்மா" என்று சிரித்தான். பயந்த மாதிரி தெரியவில்லை. மகளைப் பார்த்துச் சொன்னான்: "நானே போன் பண்ண இருந்தேன். ஒரு ஆள் இன்னைக்கு வரலை. பெரிய கண்ணாடிக்குத் தூக்க மூணு பேர் வேணும், முன்னாடி வழி சொல்ல ஒருத்தர் வேணும். லிஃப்ட்ல அது நுழையாது. வேற ஆள் சாயங்காலம்தான் வருவாங்களாம். மத்தியானம் சாப்பிட வர முடியாது போலிருக்கு."

மகள் முகம் தொங்கிப்போனது. சாயங்காலம் அம்மா விமான நிலையத்தில் இருப்பாள். கையை வீசிக்கொண்டு நடந்ததைத் தவிர அம்மா இவனிடம் எதையுமே பார்த்திருக்க மாட்டாள்.

மேஸ்திரி வண்டியைப் பார்த்தாள். கண்ணாடியைப் பார்த்தாள். மாடிப்படியின் இருட்டு வாயைப் பார்த்தாள். உள்ளங்கை அரித்தது.

"தூக்க நீங்க மூணு பேர் இருக்கீங்க. குரல் கொடுக்க நான் இருக்கேன்."

"அம்மா!"

"நீ சும்மா இருடீ. ஏன் தம்பி, முடியாதா?"

அவன் உடனே முடியும் என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. கோட்டையும் ஷூவையும் பார்த்தான். பிறகு, "முதல்ல படியை வந்து பாருங்க" என்று கூட்டிக்கொண்டு போனான். மாடிக்கு மாடி ஒரு திருப்பம். திருப்பத்துக்குத் திருப்பம் சுவரோரமாக ரப்பர் கட்டைகள் போட்டு வைத்திருந்தான்.

"ஒவ்வொரு திருப்பத்துலயும் கண்ணாடியை இந்தக் கட்டை மேல வெச்சுட்டுக் கை மாத்திக்கணும். இது பதம் ஏத்தின கண்ணாடி. நடுவுல குத்தினாலும் தாங்கும், மூலையில லேசாத் தட்டினா போதும், மொத்தமும் பொலபொலன்னு உதிர்ந்துடும். நான் நில்லுன்னு சொன்னா நின்னுடணும்."

"ம். ம்." குழந்தை கதை சொன்னால் கேட்கிற மாதிரி கேட்டுக்கொண்டாள். "நான் ஏத்தாத படியா? அந்த ரெண்டு பேருக்கும் சொல்லிடு."

அவன் போய் அவர்கள் பாஷையில் சொன்னான். தாடி மேஸ்திரியை மேலிருந்து கீழே பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தான். நெட்டை தோளைக் குலுக்கினான். மகளை மேலே அனுப்பினார்கள். யாராவது கதவைத் திறந்து படியில் இறங்கிவிடாமல் பார்த்துக்கொள்வது அவள் வேலை.

கோட்டைக் கழற்றி வண்டிக்குள் எறிந்தாள் மேஸ்திரி. முந்தானையை இழுத்துச் செருகினாள். கண்ணாடியின் முன் முனையில் தாடி, நடுவில் நெட்டை, பின் முனையில் அவன். மேஸ்திரி நாலு படி மேலே, அவர்களைப் பார்த்தபடி. படியேறும்போது பாரம் முழுக்கக் கீழே நிற்கிறவன் மேல்தான் சரியும். அது அவளுக்குத் தெரியும். அந்த இடத்தை அவன் கேட்காமலே எடுத்துக்கொண்டதையும் கவனித்தாள். கவனித்ததை முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

"ஏத்து... ஆங்... ஏத்து... ஆங்!"

அந்தக் குரலுக்கு அர்த்தம் வேண்டியதில்லை, தாளம் போதும். இரண்டாவது 'ஆங்'குக்கே தாடியின் கால் தானாக விழுந்தது. நாலாவதுக்கு நெட்டையின் தோள் இறங்கி ஏறியது. பின்னால் அவன் முழங்காலை மடக்கி, மூச்சை இழுத்துப் பிடித்து, தனக்கு முன்னால் இருந்தவர்களுக்குப் பாரம் தெரியாமல் அடியிலிருந்து தள்ளிக்கொண்டே வந்தான். வளைந்து வாங்குகிற ரகம்தான், பரவாயில்லை. முதல் திருப்பத்தில் வைத்தார்கள், கை மாற்றினார்கள், எடுத்தார்கள். வைத்த நேரம் அவளுக்குப் பல்லில் மணல் கடிபட்ட மாதிரி இருந்தது.

எடுத்ததும் மறுபடி தாளம் பிடித்துக்கொண்டது. இத்தனை நாள் சும்மா கிடந்த தொண்டை திறந்துகொண்டது. மாடிப்படிச் சுவர் குரலை வாங்கிப் பெரிதாக்கித் திருப்பிக் கொடுத்தது. யார் வீட்டுப் படி, எந்த நாட்டுப் படி என்பதெல்லாம் மறந்துபோயிற்று. அவளுக்கு முன்னால் ஒரு வரிசை இருந்தது. அது அவள் குரலுக்கு நகர்ந்தது. வேகத்தைக் கூட்டினாள். தாடி சிரித்துக்கொண்டே கூட்டினான். நெட்டையும் கூட்டினான்.

"நிறுத்தும்மா" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஏத்து... ஆங்!"

"திருப்பம் வருது. நிறுத்துங்க."

"நிக்காதே! போய்க்கிட்டே இரு! ஏத்து..."

"நில்லு!"

அது அவள் குரலையும் விடப் பெரிதாக இருந்தது. கூடவே அவர்கள் பாஷையிலும் ஒரு சொல். கண்ணாடி நின்றது. அவன் ஒரு காலைச் சுவரில் முட்டுக்கொடுத்து, முழுப் பாரத்தையும் தன் மேல் வாங்கிக்கொண்டு நின்றிருந்தான். கழுத்து நரம்பு கயிறு மாதிரி புடைத்திருந்தது. மூன்று பேரும் மெல்லப் பின்வாங்கி, கண்ணாடியைக் கட்டை மேல் இறக்கினார்கள்.

மேஸ்திரிக்குக் காது மடல் சுட்டது. தளம் போடுகிற நாளில் வீட்டுக்காரன்கூட அவள் குரலுக்குக் குறுக்கே பேசியதில்லை. ஒரு தடவை இன்ஜினியர் பேசினார். அவரை ஓரமாக நிற்கச் சொன்னாள், நின்றார். வாயைத் திறந்தாள், இவனை நாலு கேட்பதற்கு. கேட்பதற்கு முன்னால் அவன் கண் போன பக்கம் பார்த்தாள். திருப்பத்தில் இரும்புக் கைப்பிடியின் முனை சுவரை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடி வந்து நின்ற இடத்தில், அதன் மேல் மூலைக்கும் அந்த இரும்புக்கும் நடுவில் ஒரு விரல்கூட நுழைந்திருக்காது. இன்னொரு 'ஆங்' கொடுத்திருந்தால் போதும். தாடியின் தலையில் கண்ணாடி மழை கொட்டியிருக்கும்.

தாடியும் அதைப் பார்த்துவிட்டான். சிரிப்பெல்லாம் போய், அவளைப் பார்த்து நீளமாக ஏதோ சொன்னான்.

"என்ன சொல்றான்?"

"வேண்டாம்மா."

"திட்டறானா?"

"ஆமா."

"திட்டட்டும். பட்டிருந்தா அவன் தலை."

மேலே இருந்து மகள் கைப்பிடியின் மேல் எட்டிப் பார்த்தாள். முகம் வெளுத்துப் போயிருந்தது.

அவன் கையுறையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். குரலை இறக்கினான், ஆனால் வார்த்தையை இறக்கவில்லை.

"நீங்க பெரிய மேஸ்திரின்னு உங்க பொண்ணு நிறையச் சொல்லியிருக்கா. உங்க வேலையில நின்னா கெட்டுச்சு, எனக்கும் தெரியும். ஆனா இது என் சைட்டு. இங்கே ஒவ்வொரு திருப்பத்துலயும் நின்னுதான் ஆகணும். நான் சொல்றபடி குரல் கொடுக்க முடியும்னா கொடுங்க. இல்லைன்னா கண்ணாடி இங்கேயே இருக்கட்டும், சாயங்காலம் ஆள் வரட்டும். உங்களுக்குப் பிடிச்சதா பிடிக்கலையான்னு அப்புறம் பேசிக்கலாம்."

மேஸ்திரி அவனை ஒரு பார்வை பார்த்தாள். ஊரில் அந்தப் பார்வைக்கு ஆட்கள் தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்கள். அவன் எங்கேயும் போகவில்லை. மேலே போக வழியும் இல்லை. கண்ணாடி வழியை அடைத்துக்கொண்டிருந்தது.

முறைப் பையன் ஞாபகம் அப்போதுதான் வந்தது. அவன் ஜல்லி லாரி ஓட்டுகிறவன். போன மழையில் ஒரு தளம் போடுகிற நாள். மேஸ்திரி போனில், பாலத்து வழியா வா, அதுதான் சுருக்கு என்று சொன்னாள். பாலம் உடைந்து கிடந்தது அவனுக்கு முந்தின நாளே தெரியும். ஆனாலும் வந்தான். சேற்றில் லாரி இறங்கிவிட்டது, ஆட்கள் எல்லாரும் வெறும் சட்டியை வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார்கள். ஏன்டா, தெரிஞ்சும் எதுக்கு வந்தே என்று கேட்டதற்கு, "நீங்க சொன்னீங்களே அத்தை" என்றான். அன்றைக்கு அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டாள். எல்லாரிடமும் பெருமையாகச் சொன்னதாகக்கூட ஞாபகம்.

முந்தானையை மறுபடி இறுக்கிச் செருகினாள்.

"எங்கெங்கே வைக்கணும்னு இன்னொரு வாட்டி சொல்லு. இந்தத் தடவை கேக்கறேன்."

அவன் சொன்னான். அவள் கேட்டாள். அதற்கு மேல் போன படியெல்லாம் அவளுக்குப் புதுப் படி. 'ஏத்து' என்பது வாயில் தானாக வந்தது. 'வை' என்பதை ஒவ்வொரு தடவையும் வயிற்றிலிருந்து பிடித்து இழுத்துத்தான் வெளியே கொண்டுவர வேண்டியிருந்தது. கொண்டுவந்தாள். கடைசித் திருப்பத்தில் அவன் சொல்வதற்கு ஒரு மூச்சு முன்னாலேயே அவள் 'வை' என்றாள். அவன் தலையை அசைத்தான், அவ்வளவுதான். சபாஷ் எல்லாம் சொல்லவில்லை. அதுவும் அவளுக்குப் பிடித்திருந்தது.

கண்ணாடி மேலே போய்த் தன் சட்டத்தில் உட்கார்ந்தது. நெட்டை பிளாஸ்க்கைத் திறந்து எல்லாருக்கும் டீ ஊற்றினான். தாடி முதல் கோப்பையை மேஸ்திரியிடம் நீட்டினான். கோபம் தீர்ந்துவிட்டது என்று அர்த்தமாக இருக்கலாம். அவள் வாங்கிக்கொண்டு, தன் பாஷையில், "நல்ல ஆளுய்யா நீ, தாடியைக் கொஞ்சம் வெட்டு" என்றாள். அவன் பெரிதாகத் தலையாட்டினான்.

படியில் அவனுக்கு ஒரு படி மேலே உட்கார்ந்து ஆரம்பித்தாள்.

"என் பொண்ணுக்கு வாய் நீளம். என்னைக் கொண்டிருக்கா. உனக்கும் குரல் பெரிசுன்னு இன்னைக்குப் பார்த்துட்டேன். ரெண்டு பேரும் கத்தினா யார் நிறுத்தறது?"

அவன் டீயை ஒரு மடக்குக் குடித்தான்.

"யாருக்கு முதல்ல பயம் வருதோ அவங்க நிறுத்திக்க வேண்டியதுதான்."

"இதுவரைக்கும் யாருக்கு வந்திருக்கு?"

"எனக்குத்தான்" என்றான். "எப்பவும்."

பின்னால் நின்ற மகள், "பொய்" என்றாள். "ரெண்டு தரம் நானும் நிறுத்தியிருக்கேன்."

மேஸ்திரி வேறு ஒன்றும் கேட்கவில்லை. அவன் அப்பா அம்மா யார், இங்கே எப்படி வந்தார்கள், என்ன சாப்பிடுவான் என்பதையெல்லாம் மகள் ஏற்கெனவே சொல்லியிருந்தாள். அவள் பார்க்க வந்ததைப் பார்த்தாகிவிட்டது. பார்க்க நினைக்காத ஒன்றையும் சேர்த்துப் பார்த்தாகிவிட்டது.

அறைக்கு வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் தம்பிக்குப் போன் போட்டாள்.

"ஊருக்குப் போய் இறங்கினதும் சொல்லிக்கலாமேம்மா" என்றாள் மகள், பெட்டியின் முன்னால் குந்தியபடி.

"அங்கே போனா அவன் முகத்தைப் பார்க்கணும். முகத்தைப் பார்த்தா வார்த்தை குழையும். வார்த்தை சூடா இருக்கும்போதே சொல்லிடணும்."

தம்பி எடுத்ததும், "என்னக்கா, பெட்டி கட்டியாச்சா?" என்றான்.

"பெட்டி கெடக்கட்டும். பொண்ணை உன் பையனுக்குக் கொடுக்கலைடா. மனசுல வெச்சுக்காதே."

தம்பியின் குரல் ஏறியது.

"என் பையன்கிட்ட என்ன குறை கண்டே?"

"குறை ஒண்ணும் இல்லை. நான் என்ன சொன்னாலும் சரின்னு சொல்றான்."

"அது குறையா?"

"நான் தப்பாச் சொன்னாலும் சரின்னு சொல்றான்டா. நான் பாழுங்கிணத்துல எறங்குன்னா எறங்குவான், கூடவே என் பொண்ணையும் எறக்குவான். இங்கே ஒருத்தன் இருக்கான். என்னையே நில்லுன்னு சொன்னான்."

"உன்னையா?"

"என்னைத்தான்."

தம்பிக்கு அது நம்ப முடியாததாக இருந்திருக்க வேண்டும். அடுத்து வந்தாக வேண்டிய கேள்வி வந்தது. "என்ன ஆளுங்களாம் அவங்க?"

"பாரம் தூக்குற ஆளுங்க. நாம என்ன, பல்லக்குல போற ஆளுங்களா?"

"விளையாடாதே அக்கா."

"நான் விளையாடலை. நீ கேட்டே, நான் சொன்னேன். இன்னும் நீ தோண்டினா உன் மச்சினன் எங்கே பொண்ணு எடுத்தான்னு நானும் தோண்டுவேன்."

தம்பி பட்டென்று போனை வைத்துவிட்டான். மேஸ்திரி போனைப் பார்த்துவிட்டு, "வெச்சுட்டான். வைப்பான். நாலு நாள் சோறு இறங்காது, அப்புறம் வந்து நிப்பான்" என்றாள். சொன்ன அளவுக்கு அவளுக்கும் அது லேசாக இல்லை.

அடுத்த நிமிஷமே போன் மறுபடி அடித்தது. தம்பி பெண்டாட்டி. சமையல்கட்டிலிருந்து கிசுகிசுத்தாள். பின்னால் குழாயில் தண்ணீர் வேண்டுமென்றே திறந்துவிட்டிருந்த மாதிரி கொட்டியது.

"அண்ணி, உங்களுக்குப் புண்ணியமாப் போகட்டும்."

"என்னடீ?"

"எங்க அண்ணன் பொண்ணுதான் எனக்கு மனசுல. பையனுக்கும் அவதான். உங்களுக்கும் உங்க தம்பிக்கும் பயந்துக்கிட்டு அம்மாவும் மகனுமா வாயை மூடிக்கிட்டிருந்தோம்."

"அடிப்பாவி! வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன?"

"உங்ககிட்டயா?" என்றாள் அவள். அதற்குமேல் பேசாமல் வைத்துவிட்டாள்.

மேஸ்திரி கட்டிலில் உட்கார்ந்து போனைக் கீழே வைத்தாள். பிறகு தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

"சரி. தடை ஒழிஞ்சது. நான் போய் உங்கப்பாகிட்டச் சொல்லிடறேன். அடுத்த லீவுல நீங்க ரெண்டு பேரும் ஊருக்கு வர்றீங்க, வந்த வாரமே முடிச்சுடலாம். மண்டபத்துக்கு நான் இப்பவே..."

"அம்மா, நில்லு."

மகள் பெட்டி மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"நான் என்ன சொன்னேன் உங்கிட்ட? ஒருத்தர் இருக்கார், வந்து பாருன்னு சொன்னேன். கல்யாணம் எப்போன்னு சொன்னேனா?"

"பிடிச்சிருக்கில்ல?"

"பிடிச்சிருக்கு. ஆனா எனக்கு இங்கே ஒரு பரீட்சை இருக்கு. அது முடியணும். அவருக்குத் தனியாத் தொழில் ஆரம்பிக்கணும்னு இருக்கு. நாங்க ரெண்டு பேரும் இன்னும் பேசி முடிக்கலை. காலையிலேர்ந்து நீயே பார்த்தே, நீயே கூவினே, நீயே மாமாகிட்டப் பேசினே. என்னை ஒரு வார்த்தை கேட்டியா? தேதி நாங்க சொல்றோம். அதுவரைக்கும் ஊருல ஒரு ஆள்கிட்ட மூச்சு விடக்கூடாது."

மேஸ்திரிக்கு நாக்கு நுனியில் பதில் இருந்தது. பெற்றவளுக்குத் தெரியாதா, நல்ல காரியத்தைத் தள்ளிப் போடலாமா, உன் வயசில் எனக்கு இடுப்பில் நீ இருந்தாய்... எல்லாம் வரிசையாக ஏற்றுவதற்குத் தயாராக நின்றது. மகளின் முகத்தைப் பார்த்தாள். மூக்கு விடைத்திருந்தது. பிடித்த மூடியை விடவில்லை.

"ஒரு ஆள்கிட்டயும்னா? அப்பாகிட்டக் கூடவா?"

"அப்பாகிட்ட நானே சொல்றேன்."

"ம்" என்றாள் மேஸ்திரி. "அப்ப அந்தப் பக்கத்தைப் பிடி. பெட்டியை மூடலாம்."

இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு முட்டியை வைத்து அழுத்தி மூடினார்கள்.

விமான நிலையத்துக்கு அவன் வேலை உடுப்போடுதான் வந்தான். சட்டை தேய்க்க நேரம் இருந்திருக்காது. பெட்டியைத் தூக்கக் கை நீட்டினான். மேஸ்திரி கொடுத்துவிட்டாள். காலில் விழப்போனவனை, "அதெல்லாம் வேண்டாம், இடுப்பைப் பத்திரமா வெச்சுக்க, வேலைக்கு வேணும்" என்று தடுத்தாள். மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். நிறைய இல்லை, மூக்கைச் சிந்துகிற அளவுக்கு. பிறகு திரும்பிப் பார்க்காமல் வரிசையில் போய் நின்று, முன்னால் நின்றவனின் பை தன் காலில் இடித்ததற்கு அவனைத் தமிழில் கேட்டுவிட்டு, உள்ளே போய்விட்டாள்.

நாற்காலியில் உட்கார்ந்து ஷூவைத் தளர்த்திக்கொண்டிருந்தபோது புருஷன் கூப்பிட்டான்.

"மேஸ்திரி, உன் தம்பி வந்து வாசல்ல குதிக்கிறான். உன்னை எவனோ நில்லுன்னானாமே? என்ன நடக்குது அங்கே? பொண்ணு விஷயம் என்ன முடிவு பண்ணினே?"

"நான் ஒண்ணும் முடிவு பண்ணலை."

"என்னது?"

"அவ போன் பண்ணுவா. அவளையே கேட்டுக்க. அவளும் அந்தப் பையனும் பேசி எப்போ சொல்றாங்களோ அப்போ செய்யலாம்."

போனில் தம்பி குதிக்கிற சத்தம்கூட நின்றுவிட்ட மாதிரி இருந்தது. பிறகு புருஷன் ரொம்ப மெதுவாக, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்கக்கூடாது என்கிற மாதிரிக் கேட்டான்:

"ஏம்மா, உனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"நல்லாத்தான் இருக்கேன். போனை வை, ஏறச் சொல்றாங்க" என்றாள் மேஸ்திரி.